குத்தகையா, வாரமா?

ஒரு கிராமம். அந்தக் கிராமத்துக்குச் சாலை கிடையாது. ரயில் கிடையாது. மாவு முதல் ஆணி வரை எல்லாம் விமானத்தில் வர வேண்டும். விளக்கு எரிக்கும் டீசலும் விமானத்தில்தான் வர வேண்டும்.

இப்படி ஓர் ஊர் உண்மையாகவே இருக்கிறது. அதன் பெயர் ஓல்டு குரோ. கனடா நாட்டின் வடமேற்கு மூலையில், யூகான் என்ற பகுதியில் இருக்கிறது. ஊரில் சுமார் 250 பேர் வசிக்கிறார்கள். அவர்கள் வுன்டுட் குவிச்சின் என்ற பழங்குடி மக்கள். வெள்ளைக்காரர்கள் அந்த மண்ணில் கால் வைப்பதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் முன்பே அங்கே வாழ்ந்தவர்கள். கரிபூ என்ற பனிமானை வேட்டையாடுவார்கள். ஆற்றில் மீன் பிடிப்பார்கள்.

ஊருக்கு மின்சாரம் கொடுக்க டீசல் ஜெனரேட்டர்கள் இருக்கின்றன. முன்பெல்லாம் அவை இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருந்தன. டீசலின் விலை ஒரு பக்கம். அதைச் சுமந்து வரும் விமானத்தின் செலவு இன்னொரு பக்கம். விமானம் பறக்கவும் எண்ணெய் வேண்டும் அல்லவா?

அந்த ஊரில் சூரியனும் விசித்திரமாக நடந்துகொள்ளும். நடுக்கோடையில் பல வாரங்கள் மறைவதே இல்லை. நள்ளிரவிலும் வெயில் இருக்கும். குளிர்காலத்தின் நடுவில் பல வாரங்கள் உதிப்பதே இல்லை. நண்பகலிலும் மங்கலான வெளிச்சம்தான்.

இப்படிப்பட்ட ஊரில் சூரிய மின்சாரமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் 2021-ஆம் ஆண்டு அங்கே 2,160 சூரிய மின்தகடுகள் வேலை செய்யத் தொடங்கின. அவற்றின் திறன் 940 கிலோவாட். நம் நாட்டில் தகடுகளைத் தெற்குப் பார்த்து வைப்பார்கள். ஓல்டு குரோவில் சில வரிசைகளைக் கிழக்குப் பார்த்தும், சில வரிசைகளை மேற்குப் பார்த்தும் வைத்தார்கள். கோடையில் சூரியன் வானத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது. அது எந்தப் பக்கம் இருந்தாலும் ஏதாவது ஒரு வரிசை மின்சாரம் கொடுக்கும். மிஞ்சுவதைச் சேமிக்கப் பெரிய பேட்டரியும் இருக்கிறது.

கோடையில் வெயில் நன்றாக இருக்கும் நேரத்தில் ஜெனரேட்டர்களை முழுதாக நிறுத்திவிடலாம். ஆண்டுக்குச் சுமார் 1,89,000 லிட்டர் டீசல் மிச்சமாகும் என்று கணக்கிட்டார்கள். ஊருக்கு வேண்டிய மின்சாரத்தில் இது ஏறக்குறைய கால் பங்கு. மீதி முக்கால் பங்குக்கு இன்னும் டீசல்தான். குளிர்காலத்தில் வேறு வழி இல்லை.

கால் பங்கு என்பது பெரிய சாதனையா? இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் இந்தத் திட்டத்தில் கவனிக்க வேண்டியது வேறு ஒன்று. அந்தத் தகடுகளுக்குச் சொந்தக்காரர் யார்? வெளியூர் நிறுவனம் அல்ல. வுன்டுட் குவிச்சின் மக்களின் சொந்த அரசாங்கம்தான் சொந்தக்காரர். அவர்கள் மின்சாரத்தை மின் நிறுவனத்துக்கு விற்கிறார்கள். 25 ஆண்டுகளுக்கு ஒப்பந்தம். டீசல் வாங்குவதற்காக ஊரைவிட்டுப் போன பணத்தில் ஒரு பங்கு இப்போது ஊருக்கே திரும்பி வருகிறது.

இரண்டு வகை ஒப்பந்தம்

நிலத்தைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இந்த விஷயம் எளிதில் புரியும். நம் கிராமங்களில் நிலத்தை இரண்டு விதமாக விடுவார்கள். ஒன்று குத்தகை. இன்னொன்று வாரம்.

குத்தகை என்றால் இவ்வளவு என்று பேசிவிடுவது. விளைந்தாலும் விளையாவிட்டாலும் நிலத்துக்காரருக்கு அதே தொகை. வாரம் என்றால் விளைச்சலில் பங்கு. நன்றாக விளைந்தால் பங்கு கூடும். மழை பொய்த்தால் குறையும்.

சூரிய மின்சாரத்திலும் இந்த இரண்டும் உண்டு. கர்நாடகத்தில் தும்கூர் மாவட்டத்தில் பாவகடா என்ற வறண்ட வட்டம் இருக்கிறது. அங்கே ஐந்து கிராமங்களின் சுமார் 13,000 ஏக்கர் நிலத்தில் மிகப்பெரிய சூரியப் பூங்கா அமைத்தார்கள். விவசாயிகள் நிலத்தை விற்கவில்லை. குத்தகைக்கு விட்டார்கள். ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 5 சதவீதம் உயர்வு.

மழை இல்லாத ஊரில் இது நிச்சயமான வருமானம். நிலம் உள்ளவர்களுக்கு நல்லதுதான். நிலம் இல்லாமல் அந்த வயல்களில் கூலி வேலை செய்தவர்கள் என்ன ஆனார்கள்? அவர்களுக்குக் குத்தகைப் பணம் கிடையாது. களை எடுக்க வயலும் இல்லை. ஆடு மேய்த்தவர்களுக்கு மேய்ச்சல் நிலமும் இல்லை. பாவகடாவைப் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

ஓல்டு குரோ மக்கள் செய்தது வாரத்தைவிடவும் ஒரு படி மேல். நிலமும் அவர்களுடையது, பயிரும் அவர்களுடையது. ஆனால் அதற்கு முதலில் பணம் போட வேண்டும். ஏழை ஊருக்குப் பணம் எங்கிருந்து வரும்?

இதுதான் எல்லா இடத்திலும் முட்டுக்கட்டை. வங்கிக்குப் போனால் ஜாமீன் கேட்பார்கள். பொதுவில் உள்ள பழங்குடி நிலத்தை அடமானம் வைக்க முடியாது. வைக்கவும் கூடாது. ஓல்டு குரோ திட்டத்துக்கு அரசு நிதி பெருமளவில் உதவியது. பெரிய திட்டங்களில் பங்கு வாங்கும் பழங்குடி மக்களுக்காக 2024-ஆம் ஆண்டு கனடா அரசு வேறொரு வழியையும் அறிவித்தது. அரசே கடனுக்கு ஜாமீன் நிற்கும். 500 கோடி டாலர் வரை ஜாமீன் என்று முதலில் சொன்னார்கள். 2025-ஆம் ஆண்டு அதை இரட்டிப்பாக்கினார்கள்.

அதே நாட்டில் ஒன்டாரியோ மாநிலத்தின் வடக்கே வடானிகனேயாப் என்ற மின்பாதை போடப்பட்டது. 'வெளிச்சம் கொண்டுவரும் கம்பி' என்று அந்தப் பெயருக்கு அர்த்தம். ஊர்ப் பெரியவர்கள் வைத்த பெயர். 1,800 கிலோமீட்டர் நீளம். 24 பழங்குடிச் சமூகங்கள் சேர்ந்து அதில் 51 சதவீதப் பங்கு வைத்திருக்கின்றன. அதற்கு முன் அந்த ஊர்களில் பலவும் டீசலை நம்பி இருந்தவைதான். ஜெனரேட்டர் தாங்காது என்பதால் புதிய வீடு கட்டினால் மின் இணைப்புக் கிடைக்காத நிலை பல ஊர்களில் இருந்தது.

தண்ணீரிலிருந்து ஒரு வாயு

இப்போது ஹைட்ரஜன் என்ற சொல் அடிக்கடி காதில் விழுகிறது. அது என்ன?

தண்ணீரில் இரண்டு பொருள்கள் சேர்ந்திருக்கின்றன. ஒன்று ஹைட்ரஜன். மற்றொன்று நாம் மூச்சுவிடும் ஆக்சிஜன். தண்ணீருக்குள் மின்சாரத்தைச் செலுத்தினால் இரண்டும் பிரியும். குமிழி குமிழியாக வெளியே வரும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இதைச் செய்து பார்ப்பார்கள். தொழிற்சாலையில் இதையே பெரிய அளவில் செய்கிறார்கள்.

ஹைட்ரஜனை எரித்தால் கரிப்புகை வராது. மறுபடியும் நீராவிதான் வரும். சூரியன், காற்று, அருவி ஆகியவற்றின் மின்சாரத்தால் செய்த ஹைட்ரஜனைப் பசுமை ஹைட்ரஜன் என்கிறார்கள். வாயுவுக்கு நிறம் எதுவும் கிடையாது. பெயர் மட்டும்தான் பசுமை.

ஹைட்ரஜன் நமக்குப் புதியது அல்ல. வயலில் போடும் யூரியாவுக்குள் அது இருக்கிறது. ஹைட்ரஜனோடு காற்றில் உள்ள நைட்ரஜனைச் சேர்த்தால் அம்மோனியா. அம்மோனியாவிலிருந்து யூரியா. நம் நாட்டு உர ஆலைகள் இந்த ஹைட்ரஜனை இயற்கை எரிவாயுவிலிருந்து எடுத்து வந்திருக்கின்றன. அந்த எரிவாயுவில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருகிறது. ஹைட்ரஜன் எடுக்கும்போது கரிவாயுவும் வெளியேறுகிறது.

தண்ணீரிலிருந்து எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் செலவு அதிகம். ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். குறைந்தது 9 லிட்டர் தண்ணீர் வேண்டும். சுத்தப்படுத்தவும் குளிரவைக்கவும் இன்னும் வேண்டும்.

ஆக ஹைட்ரஜன் தொழிற்சாலைக்கு மூன்று பொருள் தேவை. வெயிலோ காற்றோ நிறைய உள்ள பரந்த நிலம். தண்ணீர். கப்பலில் ஏற்றத் துறைமுகம். உலகத்தில் இந்த மூன்றும் சேர்ந்திருக்கும் இடங்கள் பலவற்றில் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள்.

ஏரிக்கு அடியில் போன ஊர்

ஆஸ்திரேலியாவின் வடமேற்கில் கிம்பர்லி என்ற பகுதி இருக்கிறது. அங்கே ஆர்டு என்ற ஆறு ஓடுகிறது. பாசனத்துக்காக அந்த ஆற்றில் அணை கட்டினார்கள். 1972-ஆம் ஆண்டு அணை திறக்கப்பட்டது. ஆர்கைல் என்ற மிகப்பெரிய ஏரி உண்டாயிற்று.

ஏரி நிறைந்த நிலம் மிரியுவுங், கஜெரோங் என்ற பூர்வகுடி மக்களின் நிலம். அவர்களை யாரும் கேட்கவில்லை. அவர்கள் கும்பிட்ட இடங்களும் முன்னோரின் தடங்களும் நீருக்குள் போயின.

அதே நிலத்தில் ஒரு வெள்ளைக்காரப் பண்ணைக் குடும்பத்தின் கல் வீடு இருந்தது. 1890களில் கட்டியது. அந்த வீட்டை மட்டும் நீரில் விடவில்லை. கல் கல்லாகப் பிரித்து எடுத்தார்கள். பிறகு வேறு இடத்தில் அப்படியே அடுக்கிக் கட்டி, அருங்காட்சியகம் ஆக்கினார்கள்.

அந்த மக்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1994-ஆம் ஆண்டு வழக்குப் போட்டார்கள். நிலத்தின் மீது அவர்களுக்குள்ள பூர்வீக உரிமை 2003-ஆம் ஆண்டு ஏற்கப்பட்டது. 2005-ஆம் ஆண்டு அரசோடு ஒப்பந்தம் ஆயிற்று. கொஞ்சம் நிலமும் இழப்பீடும் கிடைத்தன. அணை திறந்து 33 ஆண்டுகள் கழித்து!

2023 ஜூலையில் அங்கே ஒரு புதிய திட்டம் அறிவிக்கப்பட்டது. பூர்வகுடி மக்களின் மூன்று அமைப்புகளும், பொல்லினேஷன் என்ற ஒரு முதலீட்டு நிறுவனமும் சேர்ந்து அறிவித்தார்கள். நால்வருக்கும் சம பங்கு. அதாவது முக்கால் பங்கு பூர்வகுடி மக்களுக்கு.

திட்டம் இதுதான். குனனுரா என்ற ஊருக்குப் பக்கத்தில் மிரியுவுங், கஜெரோங் மக்களின் நிலத்தில் சுமார் 900 மெகாவாட் சூரிய மின்தகடுகள். ஆர்டு அணையின் நீர்மின்சாரமும் உதவிக்கு. ஏரித் தண்ணீரிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 50,000 டன் ஹைட்ரஜன். அதைக் குழாயில் விண்டாம் துறைமுகத்துக்கு அனுப்புவது. அது பலங்காரா மக்களின் இடம். அவர்களும் பங்குதாரர்கள். அங்கே அம்மோனியா ஆக்கிக் கப்பலில் ஏற்றுவது.

எந்த ஏரி அவர்களுடைய நிலத்தை விழுங்கியதோ, அதே ஏரியின் தண்ணீர். இந்த முறை அவர்கள் சொந்தக்காரர்களாக உட்கார்ந்து பேசுகிறார்கள்.

தண்ணீர் போதுமா என்று கேட்கலாம். 50,000 டன்னுக்குக் குறைந்தது 45 கோடி லிட்டர் வேண்டும். அந்த ஏரிக்கு அது ஒரு துளி மாதிரி. ஆனால் குடிநீருக்கே வரிசையில் நிற்கும் வறண்ட ஊரில் 45 கோடி லிட்டர் சின்னக் கணக்கா?

வாரத்தில் உள்ள ஆபத்து இங்கேயும் உண்டு. ஹைட்ரஜன் விற்றால்தான் பங்கு. வாங்குபவர் வேண்டும். விலை கட்ட வேண்டும். கடன் கிடைக்க வேண்டும். 2024, 2025 ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவில் பெரிய பெரிய ஹைட்ரஜன் திட்டங்கள் பல கைவிடப்பட்டன. பெரும் பணக்கார நிறுவனங்களே செலவு கட்டாது என்று விலகிக்கொண்டன. அவர்கள் வேறு வியாபாரத்துக்குப் போய்விடுவார்கள். நிலத்தை விட்டு எங்கும் போக முடியாத மக்கள் எவ்வளவு பணத்தை இதில் போடலாம்? கிம்பர்லி மக்கள் ஆலை கட்டுவதற்கு முன் யோசிக்க வேண்டிய கேள்வி இது.

நம் நாட்டில்

இந்திய அரசு 2023 ஜனவரியில் தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 19,744 கோடி ரூபாய் ஒதுக்கீடு. 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தி என்பது இலக்கு. இதற்காகவே 1,25,000 மெகாவாட் அளவுக்குப் புதிய சூரிய, காற்று மின்சாரம் வேண்டும். பாவகடா பூங்காவின் திறன் சுமார் 2,000 மெகாவாட். அதைப் போல அறுபது பூங்காக்கள்!

இவ்வளவு நிலமும் யாரோ ஒருவருடைய நிலமாகத்தான் இருக்கும். யாரோ ஆடு மேய்த்த நிலமாக இருக்கும்.

பழங்குடி மக்களின் நிலத்துக்கு நம் நாட்டில் சட்டங்கள் இருக்கின்றன. அட்டவணைப் பகுதிகளில் கிராம சபைக்கு அதிகாரம் தரும் சட்டம் 1996-ஆம் ஆண்டு வந்தது. வன உரிமைச் சட்டம் 2006-ஆம் ஆண்டு வந்தது. வாரத்தைப் பற்றியும் ஒரு தீர்ப்பு உண்டு. ஆந்திராவில் பழங்குடிப் பகுதியில் சுரங்கம் தோண்டுவது பற்றிய சமதா வழக்கு அது. 1997-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்தப் பகுதியில் அரசு நிலத்தைத் தனியார் நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விடுவது செல்லாது என்றது. சுரங்க லாபத்தில் குறைந்தது 20 சதவீதத்தை அந்தப் பகுதி மக்களின் நலனுக்கு நிரந்தர நிதியாக ஒதுக்க வேண்டும் என்றும் சொன்னது.

குத்தகையும் வேண்டாம், வாரமும் வேண்டாம் என்று சொன்ன மக்களும் உண்டு. ஒடிசாவில் நியமகிரி மலையில் பாக்சைட் சுரங்கம் தோண்டத் திட்டமிட்டார்கள். கிராம சபைகளைக் கேட்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 12 கிராமங்களில் சபை கூடியது. டோங்கரியா கோண்டு மக்களும் மற்றவர்களும் எழுந்து பேசினார்கள். மலை எங்கள் தெய்வம் என்றார்கள். பன்னிரண்டு சபைகளும் வேண்டாம் என்று முடிவு செய்தன. மலையில் சுரங்கம் தோண்டவில்லை.