கொதித்த பிறகு எதற்குப் பெரிய தீ?

சாம்பார் தளதளவென்று கொதிக்கிறது. சீக்கிரம் வேகட்டும் என்று அடுப்பை இன்னும் கொஞ்சம் பெரிதாக வைக்கிறார்கள். தளதளப்பு கூடுகிறது, ஆவி குபுகுபுவென்று எழும்புகிறது, வேலை மும்முரமாக நடப்பதுபோலத் தெரிகிறது. ஆனால் உள்ளே கிடக்கும் முருங்கைக்காய் அதனால் ஒரு நிமிடம்கூட முன்னதாக வேகப்போவதில்லை. கூடுதலாக எரிந்த கேஸ் எரிந்ததுதான்.

அது எப்படி என்று கேட்கிறீர்களா? கேட்க வேண்டிய கேள்விதான்.

குழாயில் வரும் தண்ணீர் 30 டிகிரி சூட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுப்பில் ஏற்றினால் 40, 60, 80 என்று ஏறும். 100 டிகிரியைத் தொட்டதும் நின்றுவிடும். திறந்த பாத்திரத்தில் இருக்கும் தண்ணீர், தீ எவ்வளவு பெரிதானாலும், அதற்கு மேல் சூடாகாது. சாம்பாரில் உப்பும் புளியும் கரைந்திருக்கிறதே என்றால், அதனால் அரை டிகிரி ஏறினாலே அதிகம். காய் வேகும் வேகம் அதைச் சுற்றியுள்ள சூட்டைப் பொறுத்தது. சூடு கூடாதபோது வேகம் மட்டும் எப்படிக் கூடும்?

அப்படியானால், நாம் கொடுத்துக்கொண்டே இருக்கும் வெப்பம் எங்கே போகிறது? 1760களில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய ஜோசப் பிளாக் இந்தக் கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டார். தண்ணீரை அடுப்பில் வைத்து, அது கொதிக்கத் தொடங்க எவ்வளவு நேரம், முழுக்க வற்றிப்போக எவ்வளவு நேரம் என்று பார்த்தார். வற்றுவதற்குப் பல மடங்கு நேரம் பிடித்தது. அவ்வளவு நேரமும் வெப்பமானியில் சூடு ஏறவே இல்லை. தண்ணீரை ஆவியாக மாற்றும் வேலையிலேயே அந்த வெப்பம் முழுவதும் செலவாகிறது என்று அவர் கண்டுகொண்டார். உங்கள் பாடப்புத்தகத்தில் 'உள்ளுறை வெப்பம்' என்று வருவது இதுதான்.

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் ருசி. ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கலோரி வேண்டும். 30லிருந்து 100க்குக் கொண்டுபோக 70 கலோரி. கொதிக்கும் அந்த ஒரு கிராமை ஆவியாக்கவோ 540 கலோரி! ஆக, ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி தண்ணீர் ஆவியாகிப் போனால் 1,08,000 கலோரி காலி. அந்த வெப்பம் இருந்தால் ஒன்றரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம்.

இதை கேஸாக மாற்றுவோம். ஒரு கிராம் சமையல் கேஸ் எரிந்தால் சுமார் 11,000 கலோரி வெப்பம் வரும். எல்லாமே பாத்திரத்துக்குள் போய்விடாது. கேஸ் அடுப்புக்கான இந்தியத் தரத்தின்படி குறைந்தது 68 சதவீதமாவது போக வேண்டும். அப்படிப் பார்த்தால் ஒரு டம்ளர் ஆவிக்கு ஏறத்தாழ 14 கிராம் கேஸ். ஒரு நாளைக்கு இது ஒன்றுமில்லை. டீ, சோறு, குழம்பு என்று எல்லாம் சேர்ந்து தினமும் மூன்று டம்ளர் தண்ணீர் வீணாக ஆவியானால்? ஆண்டுக்கு 15 கிலோவுக்கு மேல். நம் வீட்டு சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ. ஒரு முழு சிலிண்டர் அடுப்படி ஜன்னல் வழியாக வெளியே போய்விட்டது!

ஆகவே, கொதி வந்ததும் தீயைக் குறைத்துவிடலாம். அங்கங்கே சின்னச் சின்னக் குமிழி வந்துகொண்டிருந்தால் போதும், சூடு அதே 100 டிகிரிதான். தட்டைப் போட்டு மூடினால் ஆவி தட்டில் பட்டுத் தண்ணீராகி மறுபடி உள்ளேயே சொட்டும். பால், கஞ்சி போலப் பொங்கி வழிகிறவற்றுக்கு மட்டும் கொஞ்சம் இடைவெளி விட வேண்டும். பால்கோவா கிண்டும்போது இந்த யோசனை உதவாது. அங்கே தண்ணீரை விரட்டுவதுதான் வேலையே, கேஸ் செலவாகத்தான் செய்யும். அதைக் கணக்குப் பார்க்க வேண்டாம். சிக்கனம் என்றால் பிடித்ததைச் சாப்பிடாமல் இருப்பது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒருவருக்கும் பயன்படாமல் போவதை நிறுத்தினாலே போதும்.

100 டிகிரியைத் தாண்டவே முடியாதா? முடியும், ஆவியை வெளியே விடாமல் அடைத்து வைத்தால். 1679இல் லண்டனில் டெனி பாப்பன் என்ற பிரெஞ்சுக்காரர் இறுக்கமான மூடி போட்ட பாத்திரம் ஒன்றைச் செய்து காட்டினார். கெட்டியான எலும்புகூட அதில் குழைந்துபோனது. அழுத்தம் மிஞ்சினால் பாத்திரம் வெடித்துவிடுமே என்று, ஆவி வெளியேற ஒரு வால்வும் வைத்தார். நம் குக்கருக்கு அதுதான் பாட்டன். குக்கருக்குள் சூடு ஏறத்தாழ 120 டிகிரி வரை போகும். அந்த 20 டிகிரிதான் கொண்டைக்கடலையை அவ்வளவு சீக்கிரம் வேக வைக்கிறது.

ஊட்டியில் இது தலைகீழ். கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே காற்றழுத்தம் குறைவு; தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். அங்கே திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக வைக்கிறவர்களுக்குப் பொறுமை வேண்டும். மலையில் இருக்கிறவர்களுக்குக் குக்கர் நம்மைவிட அதிகம் கைகொடுக்கும்.

கொதித்த பிறகு பெரிய தீ வேண்டாம் என்ற விதி குக்கருக்கும் பொருந்தும். விசில் என்பது மிஞ்சிய ஆவி தப்பிக்கும் சத்தம். உள்ளே அழுத்தம் நிறைந்துவிட்டது என்று முதல் விசில் சொல்லிவிடுகிறது. பிறகு தீயைக் குறைத்து வைத்தாலும் உள்ளே சூடு இறங்காது. அடுப்பை அணைத்த பிறகும் ஆவி அடங்கும் வரை வேகுதல் நடக்கும். அதனால் அவசரப்பட்டு வெயிட்டைத் தூக்கக் கூடாது. அது ஆபத்தும்கூட.

பருப்பு விஷயத்தில் ரகசியம் இன்னொன்று உண்டு. கொண்டைக்கடலையை இரவே ஊறப்போட்டால், தண்ணீர் உள்ளே புகும் வேலை கேஸ் இல்லாமலே முடிந்துவிடும். துவரம்பருப்புக்கு அரை மணி நேரம் ஊறினாலே வித்தியாசம் தெரியும். புளியை மட்டும் பருப்பு வெந்த பிறகே ஊற்ற வேண்டும். பருப்பின் செல்களை ஒட்டிப் பிடித்திருப்பது பெக்டின் என்ற பொருள். அது கரைந்தால்தான் பருப்பு குழையும். புளியின் அமிலம் அதைக் கரையவிடாது. உப்புத்தண்ணீர் வரும் போர்வெல்களில் கால்சியம் அதிகம் இருந்தால் அதுவும் பெக்டினை இறுக்கும். பருப்பு வேகவில்லை என்று கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் வேறு தண்ணீரில் ஒருமுறை வேக வைத்துப் பார்க்கலாம்.

பாத்திரத்தின் அடியைத் தாண்டிப் பக்கவாட்டில் தீ நாக்கு நீட்டினால் அதுவும் காற்றைச் சூடாக்கும் செலவுதான். தீ நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி பிடித்தால், கேஸ் சரியாக எரியவில்லை என்று பொருள். பர்னர் துளைகளில் அடைப்பு இருக்கிறதா என்று பெரியவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம், அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருக்கும்போது மட்டும். ஒரே பாத்திரத்தில் ஒரு லிட்டர் தண்ணீரை அளந்து ஊற்றி, கொதி வந்ததும் பெரிய தீயில் திறந்தபடி பத்து நிமிடம் வையுங்கள். ஆறிய பிறகு மிச்சத் தண்ணீரை அளந்து எழுதுங்கள். அடுத்து, இன்னொரு லிட்டரைக் கொதி வந்ததும் சிறு தீயில் மூடி போட்டு அதே பத்து நிமிடம் வைத்து அளங்கள். குறைந்த ஒவ்வொரு மில்லியையும் 540ஆல் பெருக்கினால் எத்தனை கலோரி போனது என்று தெரியும். பிறகு, புது சிலிண்டர் மாட்டிய தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். ஒரு சிலிண்டரைப் பழையபடியும் அடுத்ததைத் தீயைக் குறைத்தும் பயன்படுத்தி, இரண்டும் தீரும் வரை குறித்தால், உங்கள் வீட்டில் எத்தனை நாள் கூடுதலாக வருகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.