ராஜாளிக்கு ஏன் இவ்வளவு நீள ஓடுபாதை?



சென்னை சென்ட்ரலில் ரயில் ஏறி மேற்கே போனால், சுமார் 70 கிலோமீட்டரில் அரக்கோணம் வரும். அங்கே நம் கடற்படையின் விமானத் தளம் இருக்கிறது. பெயர் ஐ.என்.எஸ். ராஜாளி. அதன் ஓடுபாதை 4 கிலோமீட்டரைத் தாண்டும். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தால் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகும்!

"கடலே இல்லாத ஊரில் கடற்படையா? ஓடுபாதை எதற்கு மாமா இவ்வளவு நீளம்?" என்றுதானே கேட்கிறீர்கள்? சபாஷ்! இரண்டுமே நல்ல கேள்விகள்.

முதலில் கொஞ்சம் வரலாறு. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு வீசின. சென்னைக்கும் ஆபத்து வரலாம் என்ற பயம். அந்தப் போர்க்காலத்து விமானத் தளம்தான் அரக்கோணம். போர் முடிந்ததும் அங்கே சத்தம் அடங்கிவிட்டது.

பல ஆண்டுகள் கழித்துக் கடற்படை அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. 1992 மார்ச்சில் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கடராமன் ராஜாளியைத் தொடங்கிவைத்தார். கடல்மேல் நெடுந்தூரம் பறந்து நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும் டி.யு.-142 விமானங்கள் வந்து சேர்ந்தன. அரக்கோணத்திலிருந்து வங்கக் கடல் அவற்றுக்குச் சில நிமிடப் பயணம்தான். முதல் கேள்விக்கு விடை கிடைத்ததா?

டி.யு.-142 ஒரு ராட்சதன். நான்கு இன்ஜின்கள். ஒவ்வொன்றிலும் முன்னும் பின்னுமாக இரண்டு சுழலிகள். ஒன்று வலமாகச் சுற்றினால் மற்றது இடமாகச் சுற்றும். எரிபொருளை நிரப்பினால் மொத்த எடை 180 டன்னையும் தாண்டலாம். அத்தனை எடை எப்படி மேலே எழும்?

காற்றே இல்லாத நாளில் பட்டம் விட என்ன செய்வீர்கள்? நூலைப் பிடித்துக்கொண்டு ஓடுவீர்கள். பட்டம் காற்றைக் கீழே தள்ளும், காற்று பட்டத்தை மேலே தூக்கும். விமான இறக்கைக்கும் இதே கதைதான். வேகம் இரண்டு மடங்கானால் தூக்கும் விசை நான்கு மடங்காகும். எடை கூடக்கூட வேகமும் கூட வேண்டும். அந்த வேகத்தை எட்டும்வரை ஓட இடம் வேண்டாமா? அதுதான் அந்த நீளம். புரிந்ததா?

இறங்கும்போதும் நீளம் உதவும். ஓடுபாதையில் தண்ணீர் தேங்கினால், டயருக்கும் தரைக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலம் புகுந்துகொள்ளும். பிரேக் பிடித்தாலும் விமானம் வழுக்கிக்கொண்டே போகும்.

2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்து, சென்னை விமான நிலையம் வெள்ளத்தில் மூழ்கியது. விமானங்கள் எங்கே இறங்குவது? ராஜாளி கதவைத் திறந்தது! போருக்காகப் பிறந்த இடத்தில் பயணிகள் விமானங்கள் வந்து இறங்கின. தவித்து நின்ற குடும்பங்கள் அங்கிருந்து ஊர் போய்ச் சேர்ந்தன. எவ்வளவு பெரிய உதவி!

டி.யு.-142 விமானங்கள் 2017 மார்ச்சில் ஓய்வு பெற்றுவிட்டன. அவற்றில் ஒன்றை விசாகப்பட்டினம் கடற்கரை அருங்காட்சியகத்தில் நீங்கள் பார்க்கலாம். இப்போது ராஜாளியிலிருந்து கடலைக் காப்பவை பி-8ஐ ஜெட் விமானங்கள்.

சரி, இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. சூடானால் காற்று விரிந்து அடர்த்தி குறையும். அப்படியானால், நிறைய பாரத்தோடு கிளம்பும் விமானம் எப்போது குறைந்த தூரம் ஓடி எழும்பும்? மே மாத விடியற்காலையிலா, உச்சி வெயிலிலா? யோசித்து, காரணத்தையும் சேர்த்து எழுதி ஆசிரியரிடம் காட்டுங்கள், கெட்டிக்காரர்களே!