எண்ணைத் திருப்பினால் முகவரி

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் எஸ்.டி.டி. எண் ஒன்றுதான்: 04563. ராஜபாளையத்து நூல் மில்லிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கடையைத் தரைவழித் தொலைபேசியில் கூப்பிட ஆறு இலக்கம் போதும். சென்னையிலிருந்து என்றால் முன்னால் 04563 வேண்டும். சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டால் அந்த 0 போய்விடும், இந்தியாவின் எண்ணான 91 முன்னால் வந்துவிடும். 0 என்பது ‘இது வெளியூர் அழைப்பு’ என்று சொல்லும் குறி மட்டும்தான்.

ஒரு கற்பனை எண்ணை எடுத்துக்கொள்வோம்: 91 4563 012345. உள்ளூர் எண் 0-வில் தொடங்காது, அதனால் இது யாருடைய எண்ணும் இல்லை. முதலில் நாடு, பிறகு வட்டாரம், கடைசியில் கடை. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த இந்த ஒழுங்குக்கு இ.164 என்று பெயர். எந்த நாட்டு எண்ணும் இதில் 15 இலக்கத்தைத் தாண்டாது.

இணையப் பெயர்கள் இதற்கு நேர்மாறு. தபால் உறையில் கதவு எண், தெரு, ஊர் என்று எழுதி நாட்டில் முடிக்கிறோம் அல்லவா, அப்படி. தமிழக அரசின் இணையப் பெயர் டிஎன்.கவ்.இன். அதில் இந்தியாவைக் குறிக்கும் ‘இன்’ கடைசியில்தான் நிற்கிறது.

இணையம் வழியே பேசும்போது நம் குரல் சின்னச் சின்னத் தரவுத் துண்டுகளாகப் போகிறது. அவை போய்ச் சேர இணைய முகவரி வேண்டும். நாம் அழுத்துவதோ வெறும் இலக்கங்கள். இரண்டையும் எப்படி இணைப்பது? சுவீடன்காரரான பாட்ரிக் ஃபால்ட்ஸ்ட்ரோம் 2000-இல் எழுதிய வழிமுறைக்கு ஈ-நம் என்று பெயர். எண்ணைக் கடைசியிலிருந்து திருப்பி, இலக்கங்களுக்கு நடுவே புள்ளி வைத்து, முடிவில் இ164.ஆர்பா என்று சேர்க்க வேண்டும். நம் கற்பனைக் கடை இப்படி ஆகிவிடும்:

5.4.3.2.1.0.3.6.5.4.1.9.இ164.ஆர்பா

இப்போது இதுவும் ஓர் இணையப் பெயர்! கணினி இதை வலமிருந்து படித்துக்கொண்டே கேட்டுப் போகிறது. முதலில் இ164.ஆர்பாவைப் பார்த்துக்கொள்ளும் கணினியிடம் போகும். அது, “91-ஆ? இந்திய எண்களைக் கவனிப்பவரிடம் கேள்” என்று கைகாட்டும். அவர் 4563-ஐக் கவனிப்பவரைக் காட்டலாம். உலகத்து எண்கள் அத்தனையையும் ஒருவரே வைத்திருக்க வேண்டியதில்லை. அடுத்து யாரிடம் கேட்பது என்று தெரிந்தால் போதும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்த இடம்தான். பால் மொக்காபெட்ரிஸ் 1983-இல் இந்தப் பெயர் முறையை வடிவமைப்பதற்கு முன்னால், இணைப்பிலிருந்த கணினிகளின் பெயர்களை எல்லாம் ஒரே கோப்பில் எழுதி வைத்திருந்தார்கள். புதிதாக ஒரு கணினி சேர்ந்தால் அந்தக் கோப்பைத் திருத்தியாக வேண்டும்.

கடைசியில் கிடைக்கும் பதில் ஒரு சிறு பட்டியல்: இணைய அழைப்புக்கு இந்த முகவரி, அது கிடைக்காவிட்டால் இந்த மின்னஞ்சல் என்று வரிசையாக இருக்கும். கடைக்காரர் இணைய அழைப்பு முகவரியை மாற்றினால் பட்டியலைத் திருத்தினால் போதும். வாடிக்கையாளர் அழுத்தும் எண் மாறாது.

ஆஸ்திரியாவில் 2004-இலேயே பொதுமக்களுக்கு ஈ-நம் முறையைத் திறந்துவிட்டார்கள். ஆனாலும் உலகெங்கும் பரவவில்லை. பட்டியல் திறந்து கிடந்தால் விளம்பரத் தொல்லை தருபவர்களும் அதைப் படிக்கலாம், அது நியாயமான பயம். தொலைபேசி நிறுவனங்கள் பல இதே முறையைத் தங்களுக்குள் மட்டும், வெளியார் பார்க்க முடியாதபடி வைத்துக்கொண்டிருக்கின்றன.

எண் மட்டும் நம்மை விடவில்லை. 2018-இல் பி.எஸ்.என்.எல். சிம் அட்டை இல்லாமலே இணையம் வழியே பேச ‘விங்ஸ்’ சேவையைக் கொண்டுவந்தபோது, அதற்கும் 10 இலக்க எண்ணைத்தான் தந்தது.

உங்கள் வீட்டுத் தொலைபேசி எண்ணை எஸ்.டி.டி. எண்ணோடு எடுத்து, முன்னால் உள்ள 0-வை நீக்கி 91 சேர்த்து, ஒரு தாளில் திருப்பி எழுதிப் பாருங்கள். இலங்கையின் நாட்டு எண் 94. திருப்பிய பிறகு, வலமிருந்து படித்துவரும் கணினிக்கு இந்திய எண்ணும் இலங்கை எண்ணும் எந்த இலக்கத்தில் பிரியும்?