இட்லி மாவும் ஜெர்மன் விசாவும்

ஒரகடம் டைம்லர் ஆலையில் 2012 முதல் லாரி தயாராகிறது. ரெனோ–நிசான் கூட்டாகத் தொடங்கிய கார் ஆலை அதற்கு இரண்டு வருடம் மூத்தது. இவற்றையும் சுற்றியுள்ள உதிரிபாகக் கம்பெனிகளையும் நம்பி ஓடும் ஷிப்ட் பஸ்களில், நாலைந்து வருட அனுபவம் சேர்ந்த பி.இ. பையன்கள் கேட்பது ஒன்றுதான்: "ஜெர்மனிக்கு விசா கிடைக்குமா?" விசா கடைசியில் வருவது. அதற்கு முன் நடக்கும் வேலையைப் புரிந்துகொள்ள, வீட்டில் இட்லிக்கு மாவு அரைப்பதைப் பார்த்தாலே போதும். அரிசியும் உளுந்தும் தனித்தனியே ஊறி, தனித்தனியே அரைபட்டு, அதன் பிறகுதான் ஒரே பாத்திரத்துக்கு வருகின்றன.

அரிசி: உங்கள் காகிதங்கள்

ஊற நேரம் எடுப்பதால் அரிசியை முதலில் போடுகிறோம். டிகிரியும் அப்படித்தான். 'அனபின்' என்ற ஜெர்மன் தரவுத்தளத்தில் நம் பல்கலைக்கழகத்துக்கும் படிப்புக்கும் அங்கே என்ன மதிப்பு என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அண்ணா பல்கலைக்கழகத்துக்கு அதில் 'எச் பிளஸ்', அதாவது அங்கீகரிக்கப்பட்டது என்ற தகுதி உண்டு. உங்கள் படிப்பு பட்டியலில் இல்லையென்றால், 'இசட்ஏபி' என்ற அரசு அமைப்பிடம் பணம் கட்டி மதிப்பீட்டுச் சான்று வாங்க வேண்டும். ஐடிஐ, டிப்ளமோ முடித்தவர்களின் பெரும்பாலான ஆலைத் தொழில்களுக்கு, நியூரம்பர்க்கில் உள்ள 'ஐஎச்கே ஃபோசா' சிலபஸையும் அனுபவச் சான்றையும் ஜெர்மன் தொழிற்பயிற்சியோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ஆபர் லெட்டர் வந்த பிறகு இதைத் தொடங்குவது, உளுந்தை அரைத்து வைத்துவிட்டு அரிசி களையப் போவதற்குச் சமம்.

உளுந்து: முதலாளியின் காகிதங்கள்

மாவைப் பொங்க வைப்பது உளுந்து. இங்கே அது ஜெர்மன் நிறுவனம் தருவது: வேலை ஒப்பந்தமும், கையெழுத்திட்ட ஒரு படிவமும். என்ன பதவி, எவ்வளவு சம்பளம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வருடத்துக்கு எத்தனை நாள் லீவு என்று அந்தப் படிவத்தில் இருக்கும். உள்ளூர்க்காரருக்குத் தருவதைவிடக் குறைத்துத் தருகிறார்களா என்று கூட்டாட்சி வேலைவாய்ப்பு முகமை பார்த்து ஒப்புதல் தரும். பட்டதாரிகளுக்கான 'ஈயூ புளூ கார்டு' வேண்டுமென்றால் சம்பள வரம்பும் உண்டு. 2025இல் அது ஆண்டுக்கு 48,300 யூரோ. பொறியியல் போல ஆள் பற்றாக்குறை உள்ள துறைகளுக்கு 43,759.80 யூரோ. முதல் வரம்பை எட்டிவிட்டால் முகமையின் ஒப்புதலே தேவையில்லை. குறைந்த வரம்பில் போகிறவர்களுக்குத் தேவை. வரம்பு ஆண்டுதோறும் மாறும். ஆக, அனுமதி கிடைப்பது ஆளுக்கு அல்ல, அந்த வேலைக்கு.

கலந்து புளிக்க விடுவது

இரண்டும் சேருமிடம் விசா விண்ணப்பம். 2025 ஜனவரி முதல் அதை இணையத்திலேயே போடலாம். கைரேகைக்கு மட்டும் நேரில் போக வேண்டும். கட்டணம் 75 யூரோ. அதன் பிறகு காத்திருப்புதான். மூடியைத் திறந்து திறந்து பார்ப்பதால் மாவு சீக்கிரம் புளித்துவிடாது. வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால் புளிக்கும். அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. நிறுவனமே அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் 411 யூரோ கட்டி விரைவு நடைமுறையைத் தொடங்கினால், முன் ஒப்புதல் கிடைக்கும். அதைக் காட்டினால் மூன்று வாரத்துக்குள் அப்பாயின்ட்மென்ட், முழு விண்ணப்பம் கொடுத்ததிலிருந்து வழக்கமாக மூன்று வாரத்துக்குள் முடிவு.

பாஸ்போர்ட் திரும்பி வந்ததும் பலர் "வொர்க் பெர்மிட் எங்கே?" என்று தேடுவார்கள். தனிக் காகிதம் எதுவும் இருக்காது. வேலை செய்யும் அனுமதி, விசாவின் குறிப்பு வரியிலேயே அடங்கியிருக்கும். கலந்த மாவிலிருந்து உளுந்தைத் தனியே எடுக்க முடியுமா?

ஆவியில் வேக வைப்பது

விசா வந்தாலும் மாவுதான் தயார். வீடு கிடைத்துக் குடியேறிய இரண்டு வாரத்துக்குள், வீட்டுக்காரர் தரும் சான்றோடு போய் முகவரியைப் பதிய வேண்டும். விசா காலாவதியாவதற்குள் வெளிநாட்டவர் அலுவலகத்தில் விண்ணப்பித்து வதிவிட அட்டை வாங்க வேண்டும். புளூ கார்டில் வேலைக்குச் சேர்ந்த முதல் 12 மாதத்துக்குள் கம்பெனி மாறினால் அந்த அலுவலகத்துக்குச் சொல்லியாக வேண்டும்.

உளுந்தே போடாத மாவு

"டூரிஸ்ட் விசாவுல போங்க தம்பி, அங்க மாத்திக்கலாம்" என்று சொல்லும் ஏஜென்ட் கையில் இருப்பது வெறும் அரிசி மாவு. எத்தனை நாள் வைத்தாலும் பொங்காது. 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்ற ஏஜென்டா என்பதை 'இ-மைக்ரேட்' தளத்தில் பாருங்கள். அவர் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். பணம் எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "முதலாளி கையெழுத்துப் போட்ட படிவத்தைக் காட்டுங்க சார்." காட்டவில்லையா, பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.