காற்றுக்கு ஒரு தாழ்ப்பாள்

வானொலிப் பெட்டி ஒன்றை வீட்டில் வைத்திருப்பதற்கே உரிமம் பெறவேண்டிய காலம் ஒன்று நம் நாட்டில் இருந்தது. அவ்வுரிமம் 1980களில் நீங்கியது. இன்றோ செவ்வாப்பேட்டையின் சிறு தெரு ஒன்றிலும், அலைகளை வாங்குவதோடு நில்லாமல் வெளியே அனுப்பவும் வல்ல கருவி பல வீடுகளில் இயங்குகிறது. வைஃபை ரூட்டர் எனப்படும் அச்சிறு பெட்டி, உண்மையில் ஒரு குட்டி ஒலிபரப்பு நிலையமே. அது பயன்படுத்தும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உரிமம் வேண்டியதில்லை என்று இந்திய அரசு 2005ஆம் ஆண்டில் விதி செய்தது.

அந்த அலையின் நீளம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர். செங்கற் சுவர் அதனைச் சற்றே மங்கச் செய்யும்; தடுத்து நிறுத்தாது. ஆகவே நம் வீட்டின் எல்லை வேறு, நம் வலையத்தின் எல்லை வேறு. அடுத்த வீட்டுத் திண்ணையிலும் தெருமுனையிலும் நம் அலை உலவுகிறது. கதவைச் சாத்தி அதனை அடக்க இயலாது. அதற்குரிய தாழ்ப்பாள் மறைகுறியாக்கமும் கடவுச்சொல்லுமே ஆகும்.

"என் வலையத்தை அயலார் பயன்படுத்தினால் சிறிது வேகம் குறையும், வேறென்ன நட்டம்?" என்று சிலர் வினவக்கூடும். 2008ஆம் ஆண்டு நிகழ்ச்சி இதற்கு விடை தரும். அவ்வாண்டு ஜூலை 26ஆம் நாள் அகமதாபாத்தில் தொடர்குண்டுகள் வெடித்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வெடிப்புக்குச் சில நிமிடங்கள் முன்பு ஊடகங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்திருந்தது. அதன் ஐ.பி. முகவரியைத் தொடர்ந்து சென்ற காவலர், நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த வீட்டை அடைந்தனர். அவரை விசாரித்தனர், கணினிகளையும் ஆராய்ந்தனர். மின்னஞ்சலை அனுப்பியவர் அவர் அல்லர். காப்பின்றிக் கிடந்த அவருடைய வைஃபை வழியே வேறொருவர் அனுப்பியிருந்தார். செப்டம்பர் 13இல் தில்லியில் குண்டுகள் வெடித்தபோதும், மும்பை செம்பூரிலுள்ள ஒரு நிறுவனத்தின் வைஃபை இவ்வாறே பயன்படுத்தப்பட்டது. அதன்பின் 2009இல் தொலைத்தொடர்புத் துறை, வைஃபை இணைப்புகளைக் காப்புடன் அமைக்கவேண்டும் என இணையச் சேவை நிறுவனங்களைப் பணித்தது. அயலான் செய்யும் குற்றத்திற்கு முதலில் வெளிப்படுவது நம் முகவரியே என்பது இதனால் விளங்கும்.

இனி, தாழ்ப்பாளின் வலிமையைக் காண்போம். 1997இல் வந்த வெப் என்னும் முதல் முறையின் குறையை, ஃப்ளூரர், மான்ட்டின், ஷமீர் என்னும் மூவர் 2001இல் வெளிப்படுத்தினர். 2004இல் டபிள்யூபிஏ2 முறையும், 2018இல் டபிள்யூபிஏ3 முறையும் வந்தன. இவ்விரண்டில் ஒன்றையே தேர்தல் வேண்டும்.

டபிள்யூபிஏ2 முறையில் கடவுச்சொல் காற்றில் செல்வதில்லை. ஆயினும் கைப்பேசி ரூட்டரோடு இணையும்போது நிகழும் உரையாடலைப் பதிவுசெய்து கொண்ட ஒருவன், தன் இருப்பிடத்தில் அமர்ந்தே சொற்களை ஒவ்வொன்றாக ஊகித்துச் சோதிக்கலாம். வலிய கணினி நொடிக்குப் பத்து இலட்சம் ஊகங்களைச் சோதிக்கும். நம்மிற் பலர் கைப்பேசி எண்ணையே கடவுச்சொல்லாக வைக்கின்றனர். பத்து இலக்கம் என்பதால் அது அரியது போலத் தோன்றும். ஆனால் நம் நாட்டுக் கைப்பேசி எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றைக் கொண்டே தொடங்குகின்றன. எனவே மொத்தம் 400 கோடி எண்களே உள்ளன. அனைத்தையும் சோதிக்க 67 நிமிடங்கள் போதும்! மாறாக, ஐயாயிரம் சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து சீட்டுக் குலுக்கி ஐந்து சொற்களை எடுத்து ஆங்கில எழுத்துகளில் தொடர்ந்து எழுதினால், அதே கணினிக்கு ஏறத்தாழ 99,000 ஆண்டுகள் தேவைப்படும். பொருள் தொடர்பின்றி, குலுக்கலில் விழுந்த சொற்களாக இருத்தல் இன்றியமையாதது. டபிள்யூபிஏ3 முறையோ, இவ்வாறு ஒதுங்கியிருந்து ஊகிக்கவே இடந்தராது.

வேறு சில கடமைகளும் உண்டு. ரூட்டரின் அமைப்புப் பக்கத்துக்குத் தனிக் கடவுச்சொல் ஒன்று உண்டு. தொழிற்சாலையில் இட்டதை அப்படியே விடலாகாது. பொத்தானை அழுத்தியோ எட்டிலக்க எண்ணைக் கொண்டோ இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை நிறுத்திவிடுக. ரூட்டரின் மென்பொருளை அவ்வப்போது புதுப்பிக்க. விருந்தினருக்குத் தனி வலையம் ஒதுக்குக. வலையத்தின் பெயரை மறைத்தால் போதும் என்று கருதற்க. கைப்பேசிகள் அப்பெயரைச் சொல்லியே ரூட்டரைத் தேடுவதால் அது எளிதில் வெளிப்பட்டுவிடும்.

மாணவர்களே! பல வீடுகளில் இக்கருவியின் அமைப்புப் பக்கத்தைத் திறக்கத் தெரிந்தவர் நீங்களே. இப்பணிக்கு அரைமணி நேரம் போதும். அந்த அரைமணியை உங்கள் பெற்றோருக்காக இன்றே செலவிடுங்கள்.