கொம்பு இருவாய்ச்சியும் ஆற்றுத் திருக்கையும்

ஜொகூரின் பெக்கோக்கில் இறங்கி, செம்பனைத் தோட்டங்களைத் தாண்டி, கம்போங் செலாய் வழியாக எண்டாவ் ரொம்பின் காட்டுக்குள் நுழைந்தால், கொம்பு இருவாய்ச்சியைக் கண்ணால் பார்க்கும் முன்பே காதால் கேட்டுவிடலாம். சிறகடிக்கும் ஓசை அவ்வளவு பலமானது. அலகின் மேல் வளைந்து நிற்கும் கொம்பு கனமாகத் தெரிந்தாலும் உள்ளே பெரும்பாலும் வெற்றிடம்தான். அதன் செம்மஞ்சள் நிறமும் பிறவியில் வந்ததல்ல. வாலடிச் சுரப்பியின் எண்ணெயைத் தேய்த்துத் தேய்த்துப் பறவை ஏற்றிக்கொள்வது. ஆணின் கண் சிவப்பு, பெண்ணின் கண் வெள்ளை.

இதே பறவை சபாவின் கினாபாத்தாங்கான் ஆற்றங்கரையிலும் உண்டு. அந்த ஆற்றின் அடியில் இருப்பது ராட்சத நன்னீர்த் திருக்கை. 2022 ஜூனில் கம்போடியாவின் மெக்கோங் ஆற்றில் பிடிபட்ட ஒன்று சுமார் 300 கிலோ. பதிவானவற்றில் உலகின் மிகப் பெரிய நன்னீர் மீன் அதுதான். மணலில் புதைந்து கிடக்கும்போது, கண்ணுக்குப் பின்னால் உள்ள துளைகள் வழியாக நீரை இழுத்து மூச்சுவிடும். கலங்கல் நீரில் கண் உதவாது. இரையின் உடலிலிருந்து கசியும் மெல்லிய மின்சாரத்தைத் தோலில் உள்ள நுண்துளைகளால் உணர்ந்து இறாலையும் சிப்பியையும் கண்டுபிடிக்கும்.

வானத்துக்கும் சேற்றுக்கும் உள்ள தூரம் இவற்றுக்கிடையே. ஆனால் குறைவாகப் பிள்ளை பெறுவதில் ஒன்றுபோலவே இருக்கின்றன. இருவாய்ச்சிப் பெண் மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலை அடைத்து, அலகு நுழையும் இடுக்கு மட்டும் விட்டு, ஒன்றோ இரண்டோ முட்டையிடும். வெளியே இருக்கும் ஆண்தான் அத்திப்பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். அதை ஒருவர் சுட்டுவிட்டால் உள்ளே இருப்பவற்றுக்கும் சோறில்லை. திருக்கை முட்டையிடாமல் குட்டியே போடும். அதுவும் ஒன்று முதல் நான்கு வரைதான். ஒவ்வொரு குட்டியும் ஓரடி அகலத்தில் பிறக்கும்.

இப்படிக் குறைவாகப் பெறுபவை இழப்பைச் சீக்கிரம் ஈடுகட்ட முடியாது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இரண்டும் ஆபத்துக்குள்ளானவை. திருக்கையின் நிலை இன்னும் மோசம். பெருமரங்கள் வெட்டப்பட்ட கினாபாத்தாங்கானில் செயற்கைக் கூடுகளை மாட்டி வைக்கிறார்கள். கொம்பு இருவாய்ச்சி அவற்றில் குஞ்சு பொரித்தும் இருக்கிறது. திருக்கைக்கு அப்படிப் பெட்டி எதுவும் செய்து தர முடியாது. தூண்டிலில் மாட்டும் பெரிய பெண் மீனை உயிரோடு ஆற்றில் விடுவதுதான் வழி. மெக்கோங்கில் அதைத்தான் செய்தார்கள்: அந்த 300 கிலோ திருக்கை, நடமாட்டத்தைக் கண்காணிக்கும் கருவியோடு ஆற்றுக்கே திரும்பியது.