உங்களுக்குத் தெரியுமா? சைலன்சரில் இறுகிப்போன ஆக்சிஜன் சென்சார்

● சேலம் மாவட்டம் இளம்பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கும் கஞ்சமலை இரும்புத் தாதுவுக்குப் பேர்போனது. அந்தத் தாதுவின் பெயர் மேக்னடைட். கறுப்பாக இருக்கும், காந்தத்தில் ஒட்டும். கார் சைலன்சரில் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்ற விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதும் பெரும்பாலும் அதே பொருள்தான்! பைப்பில் உள்ள இரும்பு மரை பல நூறு டிகிரி சூட்டில் ஆண்டுக்கணக்கில் வெந்து, ஆக்சிஜனோடு சேர்ந்து கறுப்புப் பொருக்காக மாறுகிறது. இரும்பு இருந்தபோது எடுத்துக்கொண்ட இடத்தைப்போல இரண்டு மடங்குக்கும் சற்று அதிகமான இடம் இந்தப் பொருக்குக்குத் தேவை. மரைக்கும் மரைக்கும் நடுவில் அவ்வளவு இடம் ஏது? அதனால்தான் சென்சார் ஸ்பேனருக்கு அசைய மறுக்கிறது.

● அந்தச் சென்சாருக்குள் இருப்பது ஒரு பீங்கான். சிர்கோனியா என்று பெயர். மூலப்பொருளான சிர்கான், கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே கிடைக்கிறது. பீங்கானின் இரண்டு பக்கமும் பிளாட்டினம் பூசியிருப்பார்கள். ஒரு பக்கம் புகை, மறு பக்கம் வெளிக்காற்று. இரண்டிலும் உள்ள ஆக்சிஜன் அளவு வேறுபட்டால் மின்னழுத்தம் பிறக்கும். இந்தக் கணக்கை ஜெர்மானிய வேதியியலாளர் வால்டர் நெர்ன்ஸ்ட் 1889இலேயே எழுதிவிட்டார்; 1920ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசும் பெற்றார். காருக்கு வந்ததோ 1976இல்தான். பாஷ் நிறுவனம் தயாரித்தது, வால்வோ கார்கள் முதலில் பூட்டிக்கொண்டன.

● ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். பெட்ரோல் கூடினால் சென்சார் 0.9 வோல்ட் பக்கம் போகும், காற்று கூடினால் 0.1 பக்கம் இறங்கும். இதைப் பார்த்துத்தான் இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. சென்சார் செத்தால் கம்ப்யூட்டர் குத்துமதிப்பாகத்தான் ஊற்றும். மைலேஜ் குறையும். கூடுதல் பெட்ரோல் போய், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரையும் சுட்டுவிடும். சென்சார் விலையைவிடக் கன்வர்ட்டர் விலை பல மடங்கு.

● இனி கழற்றும் கதை. "இன்னும் நீளமா ஒரு பைப் எடுத்தாடா!" என்ற குரல் பட்டறையில் எழுந்தால் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். நெம்பினால் சென்சார் வரலாம், கூடவே பைப்பில் உள்ள மரையும் உரிந்து வரும்.

முதல் வேலை, வண்டி ஆறியிருக்கும்போது மரை ஓரத்தில் துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடுவது. மறுநாள் இன்ஜினைச் சில நிமிடம் ஓட்டி நிறுத்தி, பைப் கை வைக்க முடியாத சூட்டிலிருந்து சற்றே தணிந்ததும் ஸ்பேனர் போட வேண்டும். பழைய சென்சார் குப்பைக்குத்தான் என்று முடிவாகிவிட்டால் தயங்காமல் ஒயரை வெட்டிவிடலாம். வெட்டினால் ஆறு பட்டை உள்ள 22 மி.மீ. பாக்ஸ் ஸ்பேனர் முழுசாக உட்காரும். ஒயருக்கு வழிவிட்டுப் பக்கவாட்டில் பிளந்த சென்சார் சாக்கெட்டும் கடையில் உண்டு. ஆனால் ரொம்ப இறுகிய கேஸில் அதன் வாய் விரிந்து கொடுத்துவிடும்.

அப்படியும் அசையவில்லையா? கேஸ் வெல்டிங் தீயைச் சென்சார் மேல் காட்டக் கூடாது, அதைச் சுற்றியிருக்கும் பைப் வளையத்தின் மேல் காட்ட வேண்டும். வெளி வளையம் விரியும், பொருக்கின் பிடி தளரும். தீயை எடுத்ததும் ஒரு மெழுகுவத்தியை மரை ஓரத்தில் தொட்டால், திரி எண்ணெய் இழுப்பதுபோல மரை உருகிய மெழுகை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆனால் சூடான பைப்பில் ஸ்பிரே எண்ணெய் அடித்தால் குப்பென்று பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்காமல் தீயைப் பற்றவைக்கவே கூடாது.

முதல் அசைவு கிடைத்ததும் ஒரே மூச்சில் சுற்றி எடுக்கத் தோன்றும். அங்கேதான் நிதானம் வேண்டும். கால் சுற்று கழற்றி, அரைக்கால் சுற்று திரும்ப இறுக்கி, பைப் ஆறியதும் எண்ணெய் விட்டு மறுபடி கழற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் கறுப்புத் தூள் எண்ணெயோடு கசிந்து வரும். கிறீச்சென்ற சத்தம் கூடினால் மரை ஒன்றையொன்று கடித்துக்கொள்கிறது என்று அர்த்தம். உடனே நிறுத்தி உள்ளே திருப்ப வேண்டும். சென்சாரின் உடம்பு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அழுத்தத்தில் உராய்ந்தால் தானே ஒட்டிக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு.

● மரை கெட்டுவிட்டாலும் பைப்பைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பெரும்பாலான கார்களில் இது 18 மி.மீ. மரை, 1.5 பிட்ச். பழைய பெரிய ஸ்பார்க் பிளக்குகளுக்கும் இதே மரைதான் என்பதால் லேத் பட்டறைகளில் டேப் கிடைக்கும். டேப்பில் கிரீஸ் பூசி இறக்கினால் இரும்புச் சீவல் பைப்புக்குள் விழாமல் அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

● கழற்றிய சென்சாரின் முனையைப் பார்க்காமல் எறியாதீர்கள். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம் எரிகிறது. பிசுபிசுப்பான கறுப்பு என்றால் இன்ஜின் ஆயில் குடிக்கிறது. வெள்ளைப் பூச்சு என்றால் யாரோ சாதாரண சிலிக்கான் கேஸ்கட் பசையைத் தாராளமாகத் தடவியிருக்கக்கூடும், அல்லது கூலன்ட் உள்ளே கசிகிறது. அந்தக் காரணத்தைச் சரிசெய்யாமல் புதுசைப் பூட்டினால் அதுவும் அதே வழியில்தான் போகும்.

● ஈயமும் இந்தச் சென்சாருக்கு எமன். இந்தியாவில் 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுக்க அதுதான்.

● பல சென்சார்களில் வெளிக்காற்று உள்ளே போகும் வழி எது தெரியுமா? ஒயருக்குள் இருக்கும் செம்பு இழைகளின் சந்து! அதனால் ஒயரை ஈயம் வைத்துப் பற்றவைத்தால் காற்று அடைபட்டுச் சென்சார் பொய் சொல்லும். அழுத்தி இணைக்கும் கிளிப்தான் சரி. கப்ளருக்குள் எண்ணெய் ஸ்பிரே அடிக்கவும் கூடாது.

● புது சென்சார் கை தவறிச் சிமெண்டுத் தரையில் விழுந்தால், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் உள்ளே பீங்கான் வெடித்திருக்கலாம். மரையில் பெரும்பாலும் கம்பெனியே இறுகாமல் தடுக்கும் பசை பூசி அனுப்பும், அதைத் துடைக்காதீர்கள். பூசாமல் வந்தால் சூடு தாங்கும் பசையை மரைக்கு மட்டும் மெல்லத் தடவலாம், முனையில் படக் கூடாது. சாதாரண கிரீஸ் கருகிவிடும். முறுக்கு அளவு பெரும்பாலும் 40 முதல் 50 நியூட்டன் மீட்டர், வண்டிக் கையேட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

● செக் இன்ஜின் விளக்கு எரிந்தாலே சென்சார் போய்விட்டது என்று பொருளில்லை. ஸ்கேனரில் பி0135 என்று வந்தால் சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டரின் மின்சுற்றில் கோளாறு. ஃபியூஸ் போயிருந்தாலும் இதே எண்தான் வரும். பி0420 வந்தால் சந்தேகம் கன்வர்ட்டர் மேல். சென்சாருக்கு முன்னால் சைலன்சரில் ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுபட்டுக் கணக்கு கெடும். ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் முன் இவற்றைப் பார்க்கச் சொல்வது வண்டிக்காரரின் உரிமை.

● 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்த பிறகு இது கார்க்காரர் பிரச்சினை மட்டுமல்ல. சேலைக் கட்டு ஏற்றிப் போகும் பைக்கிலும் சின்னதாக ஒரு ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது. நாமக்கல், சங்ககிரி லாரிகளில் இருக்கும் நாக்ஸ் (நைட்ரஜன் ஆக்சைடு) சென்சாரும் இதே சிர்கோனியா குடும்பம்தான். அதையும் இதே பொறுமையோடுதான் கழற்ற வேண்டும். லாரியில் அதன் விலை இன்னும் கூடுதல்.

● சென்சாரைக் கழற்றிவிட்டு வெறும் போல்ட் போட்டு அடைப்பதும், சென்சாருக்கும் பைப்புக்கும் நடுவில் ஒரு குழாய் வைத்து அதை ஏமாற்றுவதும் சில இடங்களில் நடக்கின்றன. தயவுசெய்து இதற்குச் சம்மதிக்காதீர்கள். அதனால் வரும் புகை நம் தெருவில்தான் நிற்கும். பிஎஸ்4 முதலான பெட்ரோல் கார்களுக்குப் புகைப் பரிசோதனையில், காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் லாம்டா என்ற எண்ணும் பார்க்கப்படுகிறது. பொதுவாக அது 0.97க்கும் 1.03க்கும் இடையில் இருக்க வேண்டும். அடுத்த முறை சான்றிதழ் வாங்கும்போது அந்த எண்ணைக் கேட்டுப் பாருங்கள்.